பொம்மை அழுதால் கர்ப்பம் குறையுமா?

ராத்திரியில் அழும், பால் கேட்கும், துணி மாற்றினால்தான் அடங்கும். அப்படி ஒரு மின்னணுப் பொம்மை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, சில பள்ளிகளில் மட்டும் 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைகளிடம் சனி, ஞாயிறு வளர்க்கக் கொடுத்தார்கள். மல்லுக்கட்டிப் பார்த்தால் சின்ன வயதில் பிள்ளை ஆசையே விட்டுப்போகும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2016இல் வெளியான முடிவு வேறு: பொம்மை வளர்த்தவர்களில் 8 சதவீதம் பேர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள், மற்றவர்களில் 4 சதவீதம்தான்.

நம்மூரில் பொம்மைக்குப் பதில் விழிப்புணர்வுப் பேரணி. பேனர், உறுதிமொழி, குரூப் போட்டோ, அப்புறம் எலுமிச்சை சாதம்.

கென்யாவில் 328 பள்ளிகளில் ஏழு ஆண்டு நடந்த சோதனையில், ‘கல்யாணம் வரை கட்டுப்பாடு’ என்ற பாடம் மட்டும் நடத்தியதில் கர்ப்பம் குறையவில்லை. இலவசச் சீருடை கொடுத்த பள்ளிகளில் படிப்பை விடுவது, கல்யாணம், கர்ப்பம் மூன்றுமே குறைந்தன.

சரி, திருநெல்வேலிப் பக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று இதைப் பின்பற்ற நினைத்தால் சீருடை தைக்கக் கிளம்பலாமா? எட்டாவது வரை அதை அரசே கொடுக்கிறது. கென்யாவில் வேலை செய்தது, பள்ளிக்குப் போக இருந்த ஒரு தடை விலகியதுதான். இங்கே தடை எது?

முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் பீடி சுற்றும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பத்தாவது முடித்துவிட்டாள். மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் சாயங்கால பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும். “படிச்சது போதும்ளா” என்று அம்மா தன் தட்டிலிருந்து கொஞ்சம் பீடி இலையை அள்ளி மகள் தட்டில் வைக்கிறாள். ரெண்டு வருஷத்தில் மாப்பிள்ளைப் பேச்சு. நம் நாட்டில் பதின்வயதுக் கர்ப்பம் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பின்னால் வருவது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள்.

ஆக, நிறுவனம் எண்ண வேண்டியது முகாமுக்கு வந்த தலைகளை இல்லை. ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை, டிசம்பரில் மிச்சம் எத்தனை என்பதைத்தான். திட்டம் எட்டாத ஓர் ஊரிலும் அதே கணக்கை எடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் எல்லா ஊருக்கும் பொது. அதனால் வந்த பலனை நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிடக் கூடாதே.