போர்க்காலக் கட்டடத்துக்குச் சிமெண்டு பூசுமுன்

வேலூர்க் கோட்டையைக் கவனிக்க இந்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. 1806 சிப்பாய் எழுச்சியைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலக் கட்டடங்களுக்கு இந்தக் காவல் இல்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறாண்டு கண்டதையே பழஞ்சின்னம் என்கிறது. 1942-இல் எழுந்த ஒரு பயிற்சிக் கூடம் 2042 வரை அந்தக் கணக்கில் சேராது. அரக்கோணத்தில் போர்க்கால விமானத்தளம் இருந்த இடம் இன்று கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. அது பத்திரமாக இருக்கும். வேலிக்கு வெளியே பள்ளி வளாகத்திலோ தனியார் பட்டாவிலோ மிஞ்சியிருப்பவற்றைப் பற்றித்தான் எங்கள் கவலை.

அவற்றை இடிப்பவர்களைவிட, நல்லெண்ணத்தோடு பூசி மெழுகுபவர்களால்தான் சேதம் அதிகம். முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் என்றால் சிமெண்டு கூடவே கூடாது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணலும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்து அரைத்த காரையே போதும்.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு வரும் நோயே வேறு. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைத் தின்றுவிடும். கம்பி துருவேறிப் பருத்து, மேலேயுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக வெடிப்பு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'தொம்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். புதிதாக உடைத்த முகத்தில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் வரை காரம் போய்விட்டது என்று பொருள்.

பழுதான இடத்தின் ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டுங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவைப் பளபளக்கும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்தபிறகே பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக வையுங்கள். கம்பியின் முன்பக்கத் துருவை மட்டும் துடைத்துவிட்டுப் பூசினால், பின்பக்கத் துரு மறுபடியும் தள்ளிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வேலூர் வெக்கையில் சாந்து இறுகுமுன் உலர்ந்து வெடிக்கும். எந்த மாதமானாலும் ஈரச்சாக்கு போர்த்தி ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். தளத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள்; வேரோடு தளமும் பெயரும். ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு உட்சுவரைப் பாருங்கள். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் லாங்ஹாமில் ஒரு கான்கிரீட் குவிமாடம் நிற்கிறது. அதன் வளைந்த உட்சுவரில் விமானம் பறக்கும் படத்தை ஓட்டி, விமான எதிர்ப்பு வீரர்களுக்குக் குறிபார்க்கப் பழக்கினார்கள். சுவரேதான் திரை. போருக்குப் பின் பாழடைந்து கிடந்ததைச் சீரமைத்து 2014-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். நம் ஊர்க் கட்டடத்திலும் மங்கிய எண், இலக்குப் புள்ளி, பென்சில் கிறுக்கல் என்று எதுவும் இருக்கலாம். பொங்கலுக்கு ஒரு கை வெள்ளையடித்தால் போயே போய்விடும். முதலில் டார்ச்சை சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

துப்பாக்கிச் சுடுதளத்து மண்மேடு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த மண்ணில் ஈயம் இருக்கும். வீட்டு மனைக்கோ தோட்டத்துக்கோ அள்ளக்கூடாது, பிள்ளைகளை விளையாட விடக்கூடாது. வெடிக்காத குண்டு போலத் தெரியும் எதையும் தொடாமல், நகர்த்தாமல், ஆட்களை விலக்கிவிட்டு உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள்.