மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள்

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை சைக்கிள், நடுவில் பஸ், இறங்கியதும் மறுபடி சைக்கிள். இப்படி வேலைக்குப் போய்வருகிறவர் சைக்கிளை ஓட்டும் நேரம் கொஞ்சம்தான். தூக்குவது, படியேற்றுவது, காலருகே பிடித்துக்கொண்டு நிற்பது என்று மற்ற நேரமெல்லாம் அது ஒரு சுமை. அதனால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மடக்கித் தூக்கிப் பாருங்கள்.

பெரும்பாலான மடக்கு சைக்கிள்கள் 10 முதல் 13 கிலோ இருக்கும். எடையைப் போலவே, அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதும் முக்கியம். 12 கிலோவை 20 செ.மீ. தள்ளிப் பிடித்தாலும் 8 கிலோவை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தாலும் உடம்பைச் சாய்க்கும் திருப்புவிசை ஒன்றுதான். ஒல்லியாக மடங்கும் சைக்கிள் கையில் லேசாகத் தெரிவது இதனால்தான்.

நடுவில் ஒரே கீல் வைத்து, இரண்டு சக்கரமும் பக்கம் பக்கமாக வரும்படி மடங்குவது ஒரு வகை. இதில் பல மாடல்களில் செயின் வெளிப்பக்கம் நிற்கும். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி 1970-களின் நடுவில் வடிவமைக்கத் தொடங்கிய பிராம்ப்டன் வேறு மாதிரி. பின்சக்கரம் அடியில் சுருண்டு வரும், முன்சக்கரம் பக்கத்தில் வந்து ஒட்டும், செயின் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நெரிசலில் பக்கத்தில் நிற்பவரின் உடையில் கிரீஸ் படாது. கூடுதலாக இரண்டு கியர் கிடைப்பதைவிட இது பெரிய வசதி என்பேன். மடக்கிய பிராம்ப்டனின் அகலம் சுமார் 27 செ.மீ., நீளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதன் நீளம் பஸ் போகும் திசையில் இருக்கும்படி வைத்தால், டிரைவர் சட்டென்று பிரேக் போட்டாலும் எளிதில் கவிழாது.

சரி, சக்கரம்? சின்னச் சக்கரம் என்றால் நிறைய மிதிக்க வேண்டும் என்பது தவறான பயம். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் போகும். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 52 பல், பின்னால் 13 பல் இருந்தால் பெடல் ஒரு முறை சுற்ற, சக்கரம் நான்கு முறை சுற்றி 6 மீட்டர் போய்விடும். பெரிய சைக்கிளும் ஏறக்குறைய அவ்வளவுதான் போகும்.

உண்மையான வித்தியாசம் பள்ளம் மேட்டில் தெரியும். 3 செ.மீ. உயர விளிம்பில் மோதும்போது பெரிய சக்கரம் அதை அச்சுக்கு நேர் கீழிருந்து சுமார் 24 டிகிரி முன்னால் தொடும். 20 அங்குலச் சக்கரத்துக்கு அது 28 டிகிரி, 16 அங்குலத்துக்கு 32. கோணம் கூடக்கூட அடி சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும். சாலை மோசமென்றால் 20 அங்குலம் எடுங்கள். சாலை நன்றாக இருந்து பஸ்ஸில் கூட்டம் அதிகமென்றால் 16.

எதை எடுத்தாலும் கீலைத் திறந்து பாருங்கள். இரண்டு உலோக முகங்கள் தெரியும். கீலைப் பூட்டும் லீவரை மூடும்போது முதலில் லேசாக வரும், அப்புறம் இறுகும், ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானே உள்ளே விழும். அதற்குப் பிறகு கீலைப் பிரிக்கப் பார்க்கும் விசையே லீவரை இன்னும் மூடும். இப்படி முகங்கள் எப்போதும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மிதிக்கும்போது வரும் இழுவை அந்த அழுத்தத்தைக் குறைக்கலாம், போக்கிவிடக் கூடாது. அழுத்தம் போனால் முகங்கள் பிரிந்து பிரிந்து மோதும், ஒவ்வொரு மிதியின் இழுவையும் போல்ட்டின் மேல் விழும், உலோகம் களைத்து விரிசல் விடும்.

முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல் கீலின் இரண்டு பக்கமும் படும்படி இருக்கட்டும். என் பழைய சைக்கிளில் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத்தான் முதலில் தட்டுப்பட்டது. ஹேண்டில் தண்டின் அடியில் இருக்கும் கீலையும் இப்படியே பாருங்கள். தண்டு நீளமானது, அதனால் கை கொடுக்கும் இழுப்பு அங்கே பல மடங்காகும்.