கட்சி இல்லாத சட்டசபை: நூனவுட்டில் ஓட்டுப் போடுவதும் ஆட்சி அமைவதும்

நூனவுட் சட்டசபைத் தேர்தலின் ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும். சின்னம் கிடையாது, கட்சிப் பெயர் கிடையாது. நிற்கிற எல்லாருமே சுயேச்சைகள். ஜெயித்து சபைக்குள் போன பிறகும் சுயேச்சைகளாகவே இருப்பார்கள். கட்சித் தாவல் என்ற பேச்சுக்கே இடமில்லை, தாவுவதற்குக் கட்சி வேண்டுமே. சரி, அப்படியென்றால் முதல்வரை யார் தேர்ந்தெடுப்பது? எதிர்க்கட்சி வேலையை யார் பார்ப்பது? ஆட்சி கவிழுமா?

முதலில் இடம். கனடாவின் வடக்கே, வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து பிரிந்து 1999 ஏப்ரல் 1 அன்று உருவான பிரதேசம் நூனவுட். நீர்ப்பரப்பையும் சேர்த்தால் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 36,858 பேர். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இனுயிட் மக்கள், ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகள். ஊர்கள் மொத்தம் 25. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது; விமானம்தான் வழி. கடல் பனி உருகியிருக்கும் கொஞ்ச காலத்தில் சரக்குக் கப்பல் வரும். பிரதேசத்துக்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள்.

இத்தனை பெரிய பரப்புக்குச் சட்டசபையில் 22 இடங்கள். 1999இல் 19ஆக இருந்தது, 2013 தேர்தலிலிருந்து 22 ஆனது. தலைநகர் இக்காலுயிட்டுக்கு மட்டும் நான்கு தொகுதிகள். வடகோடியில் குட்டிக்டுக் என்ற தொகுதியில் ஆர்க்டிக் பே, ரெசொல்யூட், கிரைஸ் ஃபியோர்டு ஆகிய மூன்று ஊர்கள். கிரைஸ் ஃபியோர்டில் 2021இல் இருந்தவர்கள் 144 பேர்தான். அந்த எம்.எல்.ஏ. தன் தொகுதியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் விமான டிக்கெட் எடுத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், பல தொகுதிகளில் சில நூறு ஓட்டு வாங்கினாலே ஜெயித்துவிடலாம். வேட்பாளரை வாக்காளருக்குத் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். இந்த அளவுதான் இங்கே பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

யாருக்கு ஓட்டு, எப்படிப் போடுவது

கனடா குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தேர்தல் நாளுக்கு முந்தைய ஓராண்டாவது நூனவுட்டில் குடியிருந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஆசிரியர், செவிலியர், அரசு அலுவலர், சுரங்கத் தொழிலாளி என்று தெற்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் நிறைய. வருவார்கள், சில மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். ஒரு தொகுதியே சில நூறு ஓட்டில் முடிவாகும் இடத்தில், போன மாதம் வந்து இறங்கியவர்களும் ஓட்டுப் போட்டால் உள்ளூர்க்காரர்களின் தீர்ப்பு மாறிப்போகும். கடுமையான விதி மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் பதற வேண்டாம். தகுதி இருந்தால் ஓட்டுப் போடுகிற அன்றே சேர்த்துக்கொள்ளலாம்.

தேர்தலை நடத்துவது ‘எலெக்‌ஷன்ஸ் நூனவுட்’ என்ற அமைப்பு. அதன் அலுவலகம் தலைநகரில் இல்லை, ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள ரேங்கின் இன்லெட்டில் இருக்கிறது. தகவல்கள் இனுக்டிடுட், இனுயின்னக்டுன், ஆங்கிலம், பிரெஞ்சு என்று நான்கு மொழிகளில் வரும். இனுக்டிடுட்டுக்கு அசையெழுத்து, மேற்குக் கரையோர ஊர்களில் பேசும் இனுயின்னக்டுனுக்கு ரோமன் எழுத்து.

தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரின் கடைசித் திங்கட்கிழமையில். 2017இல் அக்டோபர் 30, 2021இல் அக்டோபர் 25, 2025இல் அக்டோபர் 27. அன்று ஊரில் இருக்க முடியாதவர்கள் முன்கூட்டியே போடலாம், அல்லது சிறப்பு ஓட்டுச்சீட்டு வாங்கித் தபாலில் அனுப்பலாம். இதெல்லாம் மற்ற இடங்களிலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக ஒன்று உண்டு: தபாலும் எட்டாத வேட்டை முகாமிலோ சுரங்க முகாமிலோ இருப்பவர், ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், ரேடியோ வழியாகவோ செயற்கைக்கோள் தொலைபேசியிலோ ஓட்டுப் போடலாம். அவர் சொல்வதைக் கேட்டு மறுமுனையில் ஒருவர் சீட்டில் குறிப்பார். ரகசிய ஓட்டு என்பது அந்த அளவுக்குக் குறைந்துதான் போகிறது. தெரிந்தே எடுக்கிற முடிவு அது.

பிரச்சாரம் வீட்டுக்கு வீடு, சமூகக் கூடம், அப்புறம் உள்ளூர் ரேடியோ. ஊர் ரேடியோவில் வேட்பாளர் வந்து உட்கார்ந்தால் கேட்கிறவர்கள் போன் போட்டுக் கேள்வி கேட்பார்கள். போட்டியே இல்லாமல் ஜெயிப்பவர்களும் உண்டு. அதைவிட விசித்திரம், 2008இல் சவுத் பாஃபின் தொகுதியில் மனுத் தாக்கலுக்கான கெடு முடிந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. அந்தத் தொகுதிக்கு மட்டும் ஓட்டுப்பதிவை ஒரு வாரம் தள்ளி நவம்பர் 3 அன்று நடத்தினார்கள்.

ஓட்டு சமமானால்? சீட்டுக் குலுக்கல் இல்லை, மறுபடியும் தேர்தல். 2013இல் ரேங்கின் இன்லெட் தெற்குத் தொகுதியில் நீதிபதி முன்னிலையில் மறு எண்ணிக்கை நடந்தது. முதலில் முன்னால் இருந்தவருக்கும் அடுத்தவருக்கும் ஓட்டு சமம் என்று வந்துவிட்டது. 2014 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வைத்துத்தான் அந்த இடம் நிரம்பியது.

ரிசல்ட் வந்த பிறகுதான் அரசாங்கம்

மற்ற இடங்களில் ஓட்டு எண்ணி முடிந்த இரவே முதல்வர் யார் என்பது தெரிந்துவிடும். நூனவுட்டில் அன்றிரவு தெரிவது 22 பேர் யார் என்பது மட்டுமே. சில வாரங்கள் கழித்து அந்த 22 பேரும் இக்காலுயிட்டில் கூடுவார்கள். தலைமை மன்றம் என்று பெயர். முதலில் சபாநாயகர், பிறகு முதல்வர், பிறகு அமைச்சர்கள். முதல்வராக விரும்புகிறவர்கள் எழுந்து பேசுவார்கள், மற்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். இது எல்லாரும் பார்க்க நடக்கும். ஆனால் ஓட்டு மட்டும் ரகசியம். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் மறு சுற்று.

கவனிக்க வேண்டியது, அமைச்சர்களையும் சபைதான் தேர்ந்தெடுக்கிறது. முதல்வர் தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுப்பதில்லை. தேர்வானவர்களுக்கு எந்தத் துறை என்று பிரித்துக் கொடுப்பது மட்டுமே அவர் கையில். பிடிக்காத அமைச்சரிடமிருந்து துறையைப் பிடுங்கலாம், அமைச்சரவையை விட்டு அனுப்ப முடியாது. அதற்குச் சபை தீர்மானம் வேண்டும். 2020 அக்டோபரில் ஓர் அமைச்சர் சமூக ஊடகத்தில் எழுதிய பதிவு பெரிய சர்ச்சையானது. முதல்வர் அவருடைய துறைகளை எல்லாம் எடுத்துக்கொண்டார். துறையில்லாத அமைச்சராக இருந்த அவரை வெளியேற்றியது சபையின் ஓட்டு.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி என்று நான் நினைப்பது வேறொன்று, ஒரு சின்னக் கணக்கு. முதல்வரோடு சேர்த்து அமைச்சரவையில் ஒன்பது பேர் என்று வையுங்கள். சபாநாயகர் ஒருவர். மீதி பன்னிரண்டு பேர் சாதாரண உறுப்பினர்கள். அதாவது அமைச்சரவை சபையில் எப்போதும் சிறுபான்மை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அமைச்சர்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில் ‘ஆமாம்’ என்றாலும் ஒரு மசோதா நிறைவேறாது. சாதாரண உறுப்பினர்கள் சிலரையாவது சம்மதிக்க வைத்தாக வேண்டும். அதனால் மசோதாவும் பட்ஜெட் திட்டங்களும் சபைக்கு வருவதற்கு முன்பே குழுக்களில் அந்த உறுப்பினர்கள் கைக்குப் போய்விடும். அங்கேதான் பேரம், திருத்தம், கோபம் எல்லாம்.

இதற்குப் பெயர் ஒருமித்த கருத்து ஆட்சி. பெயரைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியில் ஓட்டெடுப்பு, பெரும்பான்மை முடிவு. அது வரைக்கும் கட்சிக் கொறடா இல்லாமல் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பேசித் தீராதபோது என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2017 நவம்பரில் பால் குவாசா முதல்வரானார். நூனவுட் உருவாகக் காரணமான நில உரிமை ஒப்பந்தப் பேச்சுகளில் பங்கெடுத்த மூத்த தலைவர். ஏழு மாதம்கூட நிறையவில்லை. மற்றவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார், ஒட்டாவாவில் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்கு அளவுக்கு மீறிச் செலவு செய்துவிட்டார் என்று புகார்கள். 2018 ஜூன் 14 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அதே நாளில் ஜோ சாவிகாட்டாக் முதல்வராகத் தேர்வானார். சபை கலையவில்லை, தேர்தல் வரவில்லை. போன முதல்வர் சபையை விட்டும் போகவில்லை, உறுப்பினராகவே தொடர்ந்தார்.

கட்சி ஏன் வரவில்லை

இனுயிட் மரபு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. கலந்து பேசி எல்லாரும் ஏற்கும் முடிவுக்கு வருவதை இனுக்டிடுட்டில் ஆஜீகதிகீன்னிக் என்பார்கள். அரசு பின்பற்றுவதாகச் சொல்லும் இனுயிட் நெறிகளில் அது ஒன்று. மறு பாதி, பழைய வடமேற்குப் பிரதேசங்களின் சபையிலிருந்து வந்த சொத்து. அங்கேயும் கட்சி இல்லை, இன்றுவரை இல்லை. பக்கத்து யூகான் 1978 தேர்தலில் கட்சி முறைக்கு மாறிவிட்டது. நூனவுட் சபைக்குள் சபாநாயகர், கேள்வி நேரம், செங்கோல் எல்லாம் பிரிட்டிஷ் பாணி. செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தால் ஆனது, இருக்கைகளுக்கு சீல் தோல் உறை. இதைக் கலப்புச் சமையல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்சிக்குத் தடை போட்டுத்தான் கட்சி இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கிரைஸ் ஃபியோர்டில் கட்சிக் கிளை திறந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் போட்ட பிறகு உறுப்பினர் சேர்க்க ஆள் வேண்டுமே!

இந்த மக்கள் கைக்கு ஓட்டு வந்த கதையும் பழையதல்ல. 1934இல் கனடா அரசு இனுயிட் மக்களின் ஓட்டுரிமையைச் சட்டம் போட்டே எடுத்தது. 1950இல் திருப்பிக் கொடுத்தது. ஆனால் கிழக்கு ஆர்க்டிக்குக்கு ஓட்டுப்பெட்டி வந்து சேர்ந்தது 1962இல்தான். வடமேற்குப் பிரதேசங்களின் மன்றத்துக்குத் தேர்தலில் ஜெயித்துப் போன முதல் இனுயிட் சிமோனி மைக்கேல், ஆண்டு 1966. அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது என்று சொல்லி அரசு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வில்லை கொடுத்து வைத்திருந்தது. அவருடைய எண் ஈ7-551. என்னை எண்ணால் கூப்பிடாதீர்கள் என்று மன்றத்திலேயே சொன்னார். அதன் பிறகே இனுயிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் பதியும் வேலை தொடங்கியது.

புதுச் சட்டசபையை எப்படி வைப்பது என்று யோசித்தபோது கட்சியை விட வேறொரு யோசனைதான் சூடாக விவாதிக்கப்பட்டது. தொகுதிக்கு இரண்டு உறுப்பினர், ஓர் ஆண், ஒரு பெண். சரிபாதி சபை. 1997 மே 26 அன்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1999 பிப்ரவரி 15 தேர்தலில் ஜெயித்த 19 பேரில் பெண் ஒருவர்தான், மனிடோக் தாம்சன். முதல் முதல்வர் பால் ஓகாலிக். ஒரு பெண் முதல்வராக 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவர் ஏவா ஆரியாக்.

குறை என்ன

வாக்காளருக்கு முதல்வரைத் தேர்ந்தெடுக்கிற வழியே இல்லை. இது பெரிய குறை, அங்கேயே பலர் சொல்வது. வேட்பாளர் வீடு கட்டித் தருகிறேன், செவிலியர்களைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் அவர் 22இல் ஒருவர். அவர் அமைச்சராவாரா என்பதே அவருக்குத் தெரியாது. அரசின் நான்காண்டுத் திட்டம் தேர்தலுக்குப் பிறகுதான் எழுதப்படுகிறது. அது பிடிக்கவில்லை என்றால் யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவது? தன் தொகுதி உறுப்பினரைத் தோற்கடிக்கலாம், அரசாங்கத்தைத் தோற்கடிக்க முடியாது. கட்சி முறையில் எத்தனை அழுக்கு இருந்தாலும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்புகிற அந்த வசதி உண்டு.

நேரடியாகக் கேள்வி கேட்டு மக்களிடம் ஓட்டு வாங்கும் வழி வேறாக இருக்கிறது. 2016 மே 9 அன்று, ஊராட்சி நிலத்தை விற்க அனுமதிக்கலாமா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். 25 ஊர்களும் வேண்டாம் என்றன. நிலம் இன்றும் குத்தகைக்குத்தான், விற்பனைக்கு இல்லை.

இதே வாக்காளர்களுக்குக் கட்சி தெரியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். கனடா நாடாளுமன்றத்துக்கு நூனவுட் முழுவதும் ஒரே தொகுதி. அந்தத் தேர்தல் முழுக்கக் கட்சித் தேர்தல்: லிபரல், கன்சர்வேட்டிவ், புதிய ஜனநாயகக் கட்சி என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கும். 2019இலும் 2021இலும் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களை ஜெயிக்க வைத்தவர்கள், 2021 அக்டோபரில் சட்டசபைக்கு ஓட்டுப் போடப் போனபோது கையில் வாங்கியது கட்சிப் பெயர் இல்லாத சீட்டு. இரண்டு தேர்தலுக்கும் இடையில் ஐந்து வாரம்தான்.