மூன்று சிவப்பு விளக்குகளும் ஒரு பற்றாசுத் துளியும்

2005 நவம்பர் 22 அன்று வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்த, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ விளையாட்டுக் கன்சோலின் முகப்பில், மின்பொத்தானைச் சுற்றி நான்கு கால்வட்டங்களாகப் பிரிந்த ஒரு விளக்கு வளையம் உண்டு. பெட்டி நலமாக இருந்தால் அது பச்சையாக ஒளிரும். தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பி கழன்றிருந்தால் நான்கு பகுதிகளும் சிவக்கும்; கம்பியைச் செருகினால் சரியாகிவிடும். மூன்று பகுதிகள் மட்டும் சிவந்து மின்னினால் வன்பொருள் பழுது என்று பொருள், அதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விளையாடுபவர்கள் அதை மரண வளையம் என்றே அழைத்தார்கள். அந்தப் பழுது எவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு சான்று போதும்: 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்த ஒரு பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதன் செலவுக்காக 105 முதல் 115 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

அந்த ஆண்டுகளில் கன்சோல் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தவரின் தடுமாற்றம் நியாயமானது. எக்ஸ்பாக்ஸ் 360 முதலில் வந்ததால் அதற்கு விளையாட்டுகள் நிறைய இருந்தன, விலையும் 299 டாலரில் தொடங்கியது. 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3, புளூ-ரே வட்டு இயக்கியோடு 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்றது. அதே மாதம் வந்த நின்டெண்டோ வீ, படத்தின் நுணுக்கத்தில் இரண்டுக்கும் பின்தங்கியிருந்தாலும் விலையில் மிகக் குறைவு. 2009 ஆகஸ்டில், மின்னணுப் பொருட்களுக்குக் கூடுதல் உத்தரவாதம் விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் பதிவான 16,000-க்கும் மேற்பட்ட கன்சோல்களின் பழுதுக் கணக்கை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் எக்ஸ்பாக்ஸ் 360-இல் 23.7 விழுக்காடும், பிளேஸ்டேஷன் 3-இல் 10 விழுக்காடும், வீயில் 2.7 விழுக்காடும் பழுதாகியிருந்தன.

இந்த எண்களைப் பார்த்ததும் வீயை வாங்கு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இவை ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை. அதோடு மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்குப் பலர் நேரே மைக்ரோசாஃப்டிடமே போயிருப்பார்கள் என்பதால், எக்ஸ்பாக்ஸின் எண் உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியமான ஒரு குறை, ஒரே பெயரில் விற்ற கன்சோலின் உள்ளே ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு மின்சுற்றுப் பலகைகள் இருந்தன என்பதை இந்த எண்கள் காட்டுவதில்லை. எந்தக் கன்சோல் என்ற கேள்விக்கு விடை தேடுபவர், அதன் எந்தப் பதிப்பு என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. அது ஏன் என்று விளங்க, சில்லுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கன்சோலின் உள்ளே படங்களை வரையும் சில்லு நேராக மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் முதன்மைப் பலகையில், ஒட்டப்படுவதில்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் சிலிக்கான் துண்டு கவிழ்த்து வைக்கப்பட்டு, அதன் அடிப்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்றாசுத் துளிகளால் ஒரு சிறு பச்சைத் தகட்டோடு இணைக்கப்படுகிறது. பழுதுபார்ப்பவர்கள் சால்டர் என்று சொல்லும் அதே பொருள்தான் இந்தப் பற்றாசு. அந்தப் பச்சைத் தகடு, சற்றே பெரிய பற்றாசு உருண்டைகளால் மதர்போர்டோடு இணைகிறது. சில்லுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு துளியும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவே, ஏறத்தாழ 75 மைக்ரான், உயரம் கொண்டது; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். மின்சாரமும் சமிக்ஞைகளும் அவற்றின் வழியேதான் போய்வர வேண்டும். முக்கியமான இடத்தில் ஒரு துளி விரிசல் கண்டாலும் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும்.

விரிசலுக்குக் காரணம், சிலிக்கானும் தகடும் வெப்பத்தில் ஒரே அளவு விரிவதில்லை என்பதே. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால், சிலிக்கான் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகவே நீளும். பிசினும் கண்ணாடி இழையும் செம்பும் சேர்ந்த தகடு 15 முதல் 17 பங்கு வரை நீளும். ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர் உள்ள சில்லு ஒன்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்பு வரையிலான 7 மில்லிமீட்டர் தூரத்தில், தகடு சில்லைவிடச் சுமார் 4.5 மைக்ரான் கூடுதலாக நகர முயலும். கண்ணுக்கே தெரியாத நகர்வு இது. ஆனால் 75 மைக்ரான் உயரமுள்ள துளிக்கு இது, தலையை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு காலை மட்டும் பக்கவாட்டில் தன் உயரத்தில் 6 விழுக்காடு இழுப்பதற்குச் சமம். நடுவில் உள்ள துளிகள் ஏறக்குறைய அசையாமல் இருக்க, மூலைகளில் உள்ளவையே மிகுதியாக வளைகின்றன. மூலைகளில் விரிசல் முதலில் தொடங்குவது அதனால்தான்.

இங்கே ஒரு கணக்கு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ஒரு உலோகம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை, அது உருகும் வெப்பநிலையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும். இக்காலப் பற்றாசு 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. வெப்பமே இல்லாத நிலையைச் சுழியமாகக் கொண்டு எண்ணும் கெல்வின் அளவில் அது 490. அப்படியானால் 30 டிகிரி அறையில் சும்மா இருக்கும் பற்றாசே தன் உருகுநிலையின் 62 விழுக்காட்டில் இருக்கிறது. இரும்பை அதே விகிதத்துக்குக் கொண்டுவர 850 டிகிரி அளவுக்குக் காய்ச்ச வேண்டும். கொல்லன் உலையில் செக்கச் சிவந்து கிடக்கும் நிலை அது. 80 டிகிரியில் ஓடும் சில்லின் அடியில் உள்ள துளியோ, 1,030 டிகிரிக்குக் காய்ச்சிய இரும்புக்கு இணையான நிலையில் மின்சாரத்தையும் சுமையையும் தாங்குகிறது. அந்த நிலையில் உள்ள உலோகம் ஒவ்வொரு வளைவிலும் உள்ளூரச் சிறிது உருமாறுகிறது. அதன் உள்ளே உள்ள நுண்படிக மணிகள் பருக்கின்றன, மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவதைப் போன்ற உலோகக் களைப்பு இது.

ஆகவே பற்றாசைக் களைப்படையச் செய்வதில், சில்லு எட்டும் உச்ச வெப்பத்தைவிடச் சூடாவதும் ஆறுவதுமாகிய சுழற்சிக்கே பெரும்பங்கு உண்டு. தினமும் இருமுறை இயக்கி அணைக்கப்படும் பெட்டி ஆண்டுக்கு 730 சுழற்சிகளைக் காண்கிறது. காஃபின், மேன்சன் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் விதியின்படி, துளி எத்தனை சுழற்சிகளைத் தாங்கும் என்பது வெப்பநிலை ஏற்ற இறக்கத்தின் இருமடிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் இருக்கிறது. ஏற்ற இறக்கம் 60 டிகிரியிலிருந்து 40 டிகிரியாகக் குறைந்தால் ஆயுள் இரண்டேகால் மடங்காகிறது. கன்சோல் வாங்குபவர் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரே கணக்கு இதுதான் என்பேன்.

அந்தக் காலத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. அதுவரை பற்றாசு என்றால் 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கலந்தது. 183 டிகிரியில் உருகும் மென்மையான கலவை. மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த ஈயமற்ற பற்றாசுக்கு மாறின. அது உருகுவதற்குக் கூடுதல் வெப்பம் வேண்டும். அது சற்று விறைப்பானது என்பதால் விசையைத் தான் உள்வாங்காமல் பக்கத்தில் உள்ள பாகங்களுக்குக் கடத்திவிடும். ஈயத்தை நீக்கியது தவறு என்று நான் கருதவில்லை. குப்பையில் எறியப்படும் மின்னணுப் பொருட்களிலிருந்து நிலத்துக்கும் நீருக்கும் ஈயம் போவது பெருங்கேடு. ஆனால் பல்லாண்டு அனுபவம் பெற்ற ஒரு பொருளை விட்டுப் புதிய பொருளுக்கு மாறிய முதல் சில ஆண்டுகளில்தான் இந்தக் கன்சோல்கள் தயாரிக்கப்பட்டன.

துளிகளைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் எப்பாக்சி பிசினை ஊற்றி இறுகவைத்தால், இரண்டும் ஒன்றாக வளையுமே தவிரத் துளிகளைத் தனியே இழுக்காது. இந்த அடிநிரப்பிப் பிசினின் தேர்வில்தான் நுட்பம் இருக்கிறது. எந்தப் பிசினுக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் அது கண்ணாடிபோன்ற இறுக்கத்தை இழந்து ரப்பர்போல் இளகிப் பல மடங்கு கூடுதலாக விரியும். சில்லு இயங்கும் வெப்பநிலை அந்த எல்லையைத் தாண்டிப் போய்வந்தால், காவலுக்கு வைத்த பிசினே துளிகளைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். 2008 ஜூலையில், தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் சில்லையும் தகட்டையும் இணைக்கும் பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. சிக்கல் ஒரே நிறுவனத்துக்கோ ஒரே கன்சோலுக்கோ உரியதாக இருக்கவில்லை.

எக்ஸ்பாக்ஸ் 360-இல் இதை மோசமாக்கியது பெட்டியின் உள்ளமைப்பு. டிவிடி இயக்கி வரைகலைச் சில்லுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்ததால், அதன்மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் உலோகச் சிதறலுக்கு உயரமே கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த மையச் செயலிக்கு வாய்த்த உயரமான சிதறலில் பாதியளவுகூட இல்லாத தட்டையான உலோகத் துண்டுதான் அதற்குக் கிடைத்தது. சிதறலை இறுக்கிப் பிடிக்கப் பலகையின் அடியில் இருந்த எக்ஸ் வடிவ உலோகப் பட்டை, பலகை சூடாகி இளகும்போது அதைச் சற்றே வளைத்தது. பல ஆண்டுகளாக இணையத்தில் மதர்போர்டின் உருண்டைகளே குற்றவாளி என்று பேசப்பட்டது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத்தில் அதன் வன்பொருள் பொறியாளர்கள், உடைந்த இணைப்புகள் சில்லுப் பாகத்தின் உள்ளேயே இருந்தன என்றும், பெட்டி இயங்கி அணையும் ஒவ்வொரு முறையும் ஏற்படும் வெப்ப ஏற்ற இறக்கமே அவற்றை உடைத்தது என்றும் சொன்னார்கள்.

செத்த எக்ஸ்பாக்ஸைக் குளியல் துண்டுகளால் மூடிச் சூடேற்றினால் பிழைக்கும் என்று அன்று பரவிய வைத்தியமும் இதனால் விளங்கும். துண்டால் மூடிய பெட்டி 217 டிகிரியை எட்டுவதில்லை, ஆகவே எந்தப் பற்றாசும் உருகி மீண்டும் ஒட்டுவதில்லை. மூச்சுமுட்டும் சூட்டில் பிசின் இளகி, பாகங்கள் சற்று இடம் மாறி, விரிசலின் இரு முகங்கள் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. பெட்டி சில நாள் ஓடும். பிறகு அதே விரிசல், முன்னிலும் அகலமாகத் திறக்கும். நல்ல பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கும் இந்த வைத்தியத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலையான தீர்வு, வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான். ஒரே மின்சுற்றைச் சிறிய டிரான்சிஸ்டர்களால் கட்டினால் அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் போதும். 2005-இன் எக்ஸ்பாக்ஸ் 360-இல் செயலியும் வரைகலைச் சில்லும் 90 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டவை. 2007-இன் இறுதியில் வந்த ஃபால்கன் என்ற பலகையில் செயலி 65 நானோமீட்டருக்குச் சுருங்கியது. 2008-இன் இறுதியில் வந்த ஜாஸ்பர் பலகையில் வரைகலைச் சில்லும் சுருங்கியது. 2010 ஜூனில் வந்த மெலிந்த வடிவத்தில் இரண்டும் 45 நானோமீட்டரில் ஒரே சில்லாக இணைந்தன. இவற்றோடு மின்வழங்கியின் திறன் 203 வாட்டிலிருந்து 175-க்கும், 150-க்கும், பிறகு 135-க்கும் இறங்கியது. பிளேஸ்டேஷன் 3-இன் பாதையும் இதுவே: முதல் வடிவத்தில் 380 வாட் என்றிருந்த மின்வழங்கி, 2009 செப்டம்பரில் வந்த மெலிந்த வடிவத்தில் 250 வாட்டாயிற்று. விளையாடும்போதுகூட 20 வாட்டை எட்டாத வீயில் பழுது மிகக் குறைவாக இருந்ததில் புதிர் எதுவும் இல்லை. அங்கே வெப்பநிலை ஏறி இறங்க வழியே குறைவு.

ஆகவே 2009-இல் என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால், எக்ஸ்பாக்ஸின் விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால் தயங்காமல் எக்ஸ்பாக்ஸே வாங்குங்கள், ஆனால் ஜாஸ்பர் பலகை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். அதைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. பின்புறத்தில் மின்கம்பி செருகும் துளைக்கு அருகில் உள்ள சீட்டில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 16.5 என்றால் ஆரம்பகாலப் பலகை, 14.2 என்றால் ஃபால்கன் காலத்தது, 12.1 என்றால் ஜாஸ்பர்.

அந்தக் கன்சோல்களை இன்று பழைய பொருளாக வாங்குபவருக்கும் அந்தச் சீட்டே முதல் துணை. இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, யாராவது முன்பே சூடேற்றிப் பிழைக்கவைத்த பெட்டியா என்பது. முகப்புத் தகட்டின் பின்னால் உள்ள முத்திரைச் சீட்டு கிழிந்திருந்தாலோ, பலகையின் அடியில் எக்ஸ் வடிவப் பட்டைக்குப் பதில் மரையாணிகளும் வளையங்களும் தெரிந்தாலோ அப்படித்தான் கொள்ள வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுக் காட்டும் பெட்டியை நம்பி வாங்கக் கூடாது, ஏனெனில் சூடான நிலையில் விரிசல் மூடியிருக்கக்கூடும். குளிர்ந்த பெட்டியைக் கண்முன் இயக்கச் சொல்லி, வரைகலைக்குக் கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் இயக்கத்தில் வளையம் பச்சையாக ஒளிர்ந்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.