இலவசம் என்றாலும் ஏன் வரவில்லை? கண்புரை முகாமும் பயத்தின் கணக்கும்

கண்புரை அறுவைக்குக் காசு வேண்டாம் என்று அறிவித்தால் பார்வை மங்கியவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை தன் முகாம்களில் கண்டது வேறு. அறுவை தேவை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் மருத்துவமனைக்கு வரவே இல்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி எல்லாம் தடையாக நின்றன. ‘இருக்கிற பார்வையும் போய்விட்டால்?’ என்ற பயமும் இருந்தது.

முகாமின் நடைமுறை மாறியது. அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அழைத்துப்போனார்கள். சாப்பாடு, கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ், மருந்து, திரும்பும் பயணம் எல்லாம் மருத்துவமனைப் பொறுப்பு. ‘வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று போகிறவருக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பயம் வளர்ந்துவிடும். ஒரே ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குறையும். முகாமை ஏற்பாடு செய்வதும் அரிமா சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகள்தான். தெரிந்த முகம் கூப்பிட்டால் நம்பிக்கை வருகிறது.

இந்தச் சேவையில் நோயாளிக்கும் வேலை உண்டு. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் அறுவை நடக்கும்; அவர் விழித்திருப்பார், அசையாமல் படுத்திருக்க வேண்டும். அறுவையின்போது பலருக்கு வெளிச்சமும் நிறங்களும் தெரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பிவிடுவார்கள். லென்ஸைத் தாங்க வேண்டிய மெல்லிய பின்னுறை அந்த நேரத்தில் கிழியலாம். வீடு திரும்பியபின் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விடுவதும் அவர் பொறுப்பே. அதனால் அறுவைக்கு முன் ஆலோசகர் உட்கார்ந்து பேசும் நேரத்தை வீண் என்று வெட்டக் கூடாது.

வெட்டும் ஆசை வருவது இயல்பு, ஏனென்றால் இங்கே எல்லாமே வேகம். மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகிறார். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் அறுவை செய்ய முடிவது இதனால்தான். அந்த வேகத்துக்குள் நோயாளியிடம் பேசிக்கொண்டிருப்பவர்கள், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி தரப்பட்ட இளம்பெண்கள். அவர்கள் பேச்சு நோயாளியின் வீட்டுப் பேச்சு.

இலவசப் பிரிவுக்கு வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பிரிவு என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். பணம் கட்டுவோரின் கட்டணம் மற்றவர் செலவையும் தாங்குகிறது. வசதியுள்ள எல்லோரும் இலவச வரிசைக்குப் போய்விட்டால் ஏற்பாடு கவிழும். அறை, படுக்கை, பாய் என வசதிகள் வேறுபடுவதால் பலர் தாமாகவே பணம் கட்டுகிறார்கள். மருத்துவர்கள் மட்டும் இரு பிரிவுக்கும் சுழற்சியில் வருகிறார்கள். பாயில் படுத்தவருக்குக் கைப்பழக்கம் குறைந்தவரை அனுப்பத் தொடங்கினால் செய்தி ஊருக்குப் போய்விடும், அடுத்த முகாமில் பஸ் காலியாக நிற்கும். விலை உயர்ந்த இறக்குமதி லென்ஸை எல்லோருக்கும் வைக்க முடியாததால்தான் 1992இல் அந்த லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

கண்ணாடியிலும் இதே சிக்கல் வந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் வாங்குவதில்லை. அதனால் பிரேம்களையும் லென்ஸ் வெட்டும் கருவியையும் முகாமுக்கே எடுத்துப்போய், பெரும்பாலோருக்கு அங்கேயே மாட்டி அனுப்புகிறார்கள்.