கொக் ஓ வேங்: சிக்கன் இல்லை, சேவல்

Coq au vin என்ற பிரெஞ்சுக் கறிப் பதார்த்தத்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கோக் அவ் வின்' என்றுதான் வரும். பிரெஞ்சுக்காரர் வாயில் அது கொக் ஓ வேங், கடைசி 'ங்' முழுசாக ஒலிக்காமல் மூக்கோடு நின்றுவிடும். உச்சரிப்பு எப்படியோ போகட்டும். இதைத் தமிழில் 'ரெட் ஒயின் சிக்கன்' என்று எழுதுவதில்தான் எனக்குச் சண்டை, ஏனென்றால் பெயரின் முதல் சொல்லே அதில் காணாமல் போகிறது.

கொக் என்றால் சேவல். கடையில் வாங்கும் இளங்கோழிக்கு பிரெஞ்சில் 'புலே' என்று வேறு சொல் உண்டு, காயடித்துக் கொழுக்கவைத்த சேவலுக்குக்கூட 'ஷப்போங்' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பிரித்துப் பேசுகிறவர்கள் இங்கே சேவல் என்று சொன்னால் சேவலைத்தான் சொல்கிறார்கள். சொல்லின் பிறப்பும் எளிது: சேவல் கூவும் ஒலிதான். அவர்கள் சேவல் 'கொக்கொரிக்கோ' என்று கூவும், நம்முடையது கொக்கரக்கோ. உடனே இரண்டு மொழிக்கும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம், ஒலியைக் கேட்டு அவரவர் தனித்தனியாகப் பிடித்த சொற்கள் இவை.

ஏன் சேவல்? பண்ணையில் வயதாகிப்போன சேவலை வறுத்தால் பல்லுக்குத் தாங்காது. ஓடியாடித் திரிந்த காலில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய இருக்கும், மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் ஈரத்தோடு கிடந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும். அப்படி இளகியதுதான் சாற்றுக்கு அந்த வழவழப்பையும் உதட்டில் ஒட்டும் பதத்தையும் தருகிறது. முற்றின நாட்டுச் சேவலைக் குழம்பு வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நடுவில் இருக்கும் 'ஓ', '-ஓடு', '-இல்' போன்ற பொருள் தரும் ஒட்டுச் சொல், 'கஃபே ஓ லே' என்ற பால் காப்பியில் வருகிற அதே 'ஓ'. தமிழில் அதற்கு உருபு தேட வேண்டியதில்லை. பாலை உடைய குடத்தைப் பாற்குடம் என்கிற மொழிக்கு, உருபு மறைந்து நிற்கும் தொகையே போதும்.

வேங் என்பது லத்தீன் 'வீனும்', திராட்சை மது. நம் சமையலறை வினிகரிலும் இதே சொல்தான் ஒளிந்திருக்கிறது, வேங் எக்ர், அதாவது புளித்த ஒயின் (அதற்குத் தமிழில் காடி என்ற நல்ல சொல் இருந்தும் பாட்டிலில் யாரும் அச்சடிப்பதில்லை). ஒயினுக்குத் தமிழில் என்ன? விவிலியத் தமிழ் 'திராட்சை இரசம்' என்கிறது, சமையல் குறிப்பில் அதை எழுதினால் மிளகு சீரகம் எங்கே என்று கேட்பார்கள். என் ஓட்டு தேறலுக்கு. தேறு என்றால் தெளி, தேறல் என்றால் தெளிந்த மது. கள், தேன் மது எல்லாவற்றுக்கும் சங்கப் பாடல்களில் வரும் சொல்தான், ஆனால் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று, மேற்கிலிருந்து கப்பலில் வந்த மதுவுக்கே அதை வைத்திருக்கிறார். இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இதன் தோற்றம் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதியின் பழைய பெயர்) நாட்டுத் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ், படையெடுத்து வந்த ரோமானியத் தளபதி சீசரைக் கேலி செய்ய ஒரு சேவலை அனுப்பினானாம், சீசர் அதை மதுவில் சமைத்து அவனுக்கே விருந்து வைத்தாராம். லத்தீனில் 'கல்லுஸ்' என்ற ஒரே சொல் சேவலையும் கால் நாட்டானையும் குறிக்கும், அந்தச் சிலேடையிலிருந்து யாரோ பின்னாளில் பின்னிய கதை என்றே எனக்குப் படுகிறது, ஆதாரம் ஏதும் இல்லை. கிராமத்துச் சமையலாக நெடுநாள் இருந்திருக்கும், இந்தப் பெயரோடு சமையல் நூல்களில் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, சமைக்கும் முறைக்கு வருவோம். அதற்குப் பெயர் 'ப்ரெஸே', ஆங்கிலம் வழியாக நாம் பிரெய்ஸ் என்கிறோம். 'ப்ரெஸ்' என்றால் தணல். அந்தக் காலத்தில் குழிந்த மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டு மேலும் கீழும் சூடேற்றினார்கள், நம் பிரியாணி தம் போலவே. தமிழில் 'வதக்கிப் புழுக்குதல்' எனலாம், புழுங்கல் அரிசியில் அந்தச் சொல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

வீட்டில் செய்வதானால் ஒன்றரை கிலோ கறிக்கு 750 மில்லி ரெட் ஒயின் பாட்டில் ஒன்று, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தார் பினோ நுவார் என்ற திராட்சையின் ஒயினை ஊற்றுவார்கள். பன்றிக் கொழுப்புத் துண்டுகளை உருக்கி, அந்த நெய்யில் ஈரம் துடைத்த துண்டுகளை நன்றாகச் சிவக்க விட்டு, அப்புறம் ஒயின், பூண்டு, தைம் என்ற மணத் தழை, பிரிஞ்சி இலை சேர்த்து மூடி, சேவலானால் மூன்று மணி நேரம், கொதிக்கவிடாமல் சிறு தீயில் வைக்க வேண்டும். எனாமல் பூசிய இரும்புப் பாத்திரமோ எவர்சில்வரோ நல்லது, வெறும் அலுமினியம் ஒயினின் புளிப்புக்கு ஆகாது. சின்ன வெங்காயமும் காளானும் தனியே வெண்ணெயில் வதங்கிக் கடைசியில் சேரும். சாறு நீர்த்திருந்தால் வெண்ணெயும் மைதாவும் சம அளவு பிசைந்து கரைப்பார்கள், பழைய முறையில் அந்த வேலையைச் செய்தது சேவலின் ரத்தம். வெந்தால் ஆல்கஹால் மொத்தமும் பறந்துவிடும் என்று நம்பாதீர்கள். அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி அரை மணி நேரத்துக்குப் பிறகு 35 விழுக்காடு மிஞ்சும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 விழுக்காடு.

ஆக, தமிழ்ப் பெயர் தேறல் சேவல். புணர்ச்சி விதிப்படி தேறற்சேவல்தான், ஆனால் அப்படி எழுதினால் படிக்கிறவர் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் ஓடிவிடுவார். பிரான்சின் அல்சாஸ் பக்கம் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஊற்றிச் செய்வதை வெள்ளைத் தேறல் சேவல் என்றும், ஜூரா வட்டாரத்தில் 'வேங் ஜோன்' என்ற மஞ்சள் ஒயின் ஊற்றிச் செய்வதை மஞ்சள் தேறல் சேவல் என்றும் சொல்லிக்கொள்ளலாம். பிராய்லர் போட்டுச் செய்தால் தேறல் கோழி என்று எழுதுங்கள், அடுப்பில் முக்கால் மணி நேரம் போதும். சேவலுக்கு எழுதிய மூன்று மணி நேரத்தை அதற்குக் கொடுத்தால் எலும்பு வேறு சதை வேறாகிவிடும்.