கரண்ட் வைத்தால் குடி மறந்துவிடுமா?

போன வாரம் ஓபி ஆரம்பிக்கும் முன்பே பாகூர் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். வலிப்பு வந்து நாக்கைக் கடித்திருந்தார், சட்டையெல்லாம் ரத்தம், நெற்றியில் பஞ்சு வைத்த இடம் மட்டும் சதுரமாகச் சிவந்திருந்தது. "அஞ்சு தடவை கரண்ட் வச்சாச்சு சார், இனிமே குடிக்கவே தோணாதுன்னாங்க, அதான் மாத்திரையையும் நிறுத்திட்டோம்" என்றார் அவர் மனைவி. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத்தான் பிரஷர் ஏறும். இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள்.

முதலில், நெற்றியில் பஞ்சு வைத்து லேசாகக் கரண்ட் விடும் இந்த tDCS சிகிச்சை ஷாக் இல்லை. ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, சில நொடிகள், சுமார் 800 மில்லி ஆம்பியர். இதில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். ஆள் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். (சினிமாவில் வருகிறதே, மயக்கம் கொடுக்காமல் ஷாக், அதை 2017 மனநலச் சட்டம் தடை செய்தாகிவிட்டது.)

ஆனால் ஷாக் இல்லை என்றதும், "அப்போ குடியை மறக்கடிக்கிற மெஷினா?" என்கிறார்கள். இல்லை ஐயா, இல்லை. எதையும் மறக்கடிக்காது. சரக்கு வேண்டும் என்கிற அந்தத் தவிப்பு சிலருக்குக் கொஞ்சம் தணியும், சிலருக்கு அதுவும் கிடையாது, ஆய்வு முடிவுகளே ஒன்றோடொன்று இடிக்கின்றன. மாத்திரை, கவுன்சலிங், இவற்றோடு சேர்த்து வைக்கிற கூடுதல் கை இது. புகைப்பழக்கத்துக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்ததே என்பீர்கள்; அது தலையில் காந்தச் சுருள் வைக்கும் முறைக்கு, வேறு மெஷின்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று உளறுவார்கள், கவனிக்காவிட்டால் உயிரே போகும். அதற்குத்தான் மாத்திரை; தயமின் (வைட்டமின் பி1) ஊசி மூளை பாதிக்கப்படாமல் காக்க. நெற்றியில் வைக்கிற பஞ்சு இந்த வலிப்பைத் தடுக்காது. தடுக்கவே தடுக்காது.

9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துபார்க்கும் தம்பிகளே, தோல் வெந்துபோய் என்னிடம்தான் வருவீர்கள், வேண்டாம். வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், பேஸ்மேக்கர், தலையில் புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடலூர்க்காரர்களே, பத்து நாள் சிகிச்சை முடித்துவிட்டுச் சம்பளத்தன்று எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குக் குடிக்கப் போனால் எந்த மெஷினும் ஒன்றும் செய்யாது. அம்மா, தங்கச்சி, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கை நடுங்க ஆரம்பித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கொத்தனார் நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வார்டு வாசலில் அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பத்து தடவைக்குப் பணம் கட்டிட்டோம் சார், மீதி அஞ்சுக்குத் திருப்பித் தருவாங்களா?"